பனிமான் தின்ற ஒரு பிடி சோறு

அந்தக் கோடையில் எங்கள் தீவுக்கு நித்திரை ஒரு பனிமானின் வயிற்றுக்குள்ளால் வந்தது. வந்த முதல் நாளில், காலை பத்து இருபதுக்கு, மீன் தொழிற்சாலையில் ஓடும் பட்டிக்கு முன்னால் வலது கையில் கத்தியும் இடது கையில் மீனுமாக நின்றிருந்த ஞானேஸ்வரி என்கிற நான், இருபத்தெட்டு வருடத்தில் ஒரு நாளாவது வேலைக்குப் பிந்திப் போகாதவள், மீனைக் கீழே வைத்து, கத்தியை உறையில் செருகி, ஈரத் தரையில் ஒருக்களித்துப் படுத்து நித்திரையாகிப் போனேன். தண்ணீர் தெளித்தார்கள், கன்னத்தில் தட்டினார்கள், தாதி வந்து கண்ணிமையைத் தூக்கி வெளிச்சம் அடித்துப் பார்த்தாள், நான் அசையவில்லை. பதினொன்று முப்பத்தைந்துக்கு நானாகவே எழும்பி, பாசி மணக்கும் வாயைத் துடைத்துக்கொண்டு, விட்ட மீனை வெட்டத் தொடங்கினேன். படுக்குமுன் கத்தியைச் செருகியதைத்தான் மேற்பார்வையாளர் பெரிதாகப் பாராட்டினார்.

ஸ்கார்வோய் என்கிற இந்தத் தீவு நோர்வேயின் வடக்கு நுனியில் இருக்கிறது. மே மாதம் நடுவில் ஏறுகிற சூரியன் ஜூலை முடியும்வரை இறங்காது. யன்னல் கண்ணாடிக்கு வெள்ளித்தாள் ஒட்டி, அதன்மேல் கறுப்புத் துணி போட்டு, அதன்மேல் சேலையும் தொங்கவிட்டு, ஊசித் துளையால் வருகிற வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்து எழும்பி வேலைக்குப் போகிற முப்பது தமிழ்க் குடும்பங்கள் நாங்கள். வெள்ளைக்காரர்களுக்கும் நித்திரை குறைவுதான், ஆனால் அவர்கள் அதைக் கோடைக் குதூகலம் என்று சொல்லிக்கொண்டு இரவு இரண்டு மணிக்குப் புல் வெட்டுவார்கள். எங்களுக்கு அந்தக் குதூகலம் பழகவில்லை. நாங்கள் விழித்துக் கிடந்தால் எங்களுக்கு நினைவுதான் வரும்.

நான் அப்பாவுக்காக அமாவாசைதோறும் விரதம் இருந்து, சோறும் பருப்பும் கறியும் கையால் பிசைந்து, பின்கதவுக் கல்லில் காகத்துக்கு ஒரு பிடி வைக்கிறவள். இங்கேயும் காகம் உண்டு, சாம்பல் நிற மேற்சட்டை போட்ட கனவான்கள், ஆனால் கடற்புறாக்களுக்குப் பயந்து கிட்ட வரமாட்டார்கள். அந்த முதல் நாளும் அமாவாசைதான், வேலைக்குப் போகுமுன் நான் 'கா, கா' என்று கூப்பிட, கடற்புறாக்களையும் விலக்கிக்கொண்டு வந்தது நெற்றியில் வெள்ளை விழுந்த ஒரு பனிமான். கோடைக்குத் தீவில் மேயவரும் மந்தையின் முன்னோடி அது, கிளைவிட்ட கொம்போடு ஒரு கதவகலம் இருக்கும். கல்லை நக்கித் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தது. உயிரோடு இருந்தபோதும் அப்பா யாருடைய தட்டில் என்ன கிடக்கிறது என்று பார்த்துச் சாப்பிட்டவர்தான், அவர் எதில் வந்தால் எனக்கென்ன என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்றைக்கே அதே மான் தேவாலயச் சரிவில் யாரோ எறிந்த பழைய வலைக்குள் கொம்பை விட்டு, திமிறத் திமிற வலை கழுத்தை இறுக்க, ஊரே கூடிக் கத்திக்கொண்டு நின்றபோதுதான் சாம்பவியைக் கூப்பிட்டார்கள். சாம்பவி எங்கள் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் இறால் உரித்த தாய்க்குப் பிறந்த பிள்ளை. எங்கள் பிள்ளைகள் எல்லாம் மனிசருக்கு டொக்டராகி ஒஸ்லோவுக்குப் போக, இவள் மிருகத்துக்கு டொக்டராகித் திரும்பி வந்தாள். "மாட்டு டொக்டர்" என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வதும், பூனைக்கு வயிற்றோட்டம் என்றால் வாசலில் நிற்பதும் வழக்கம்.

அவள் முதலில் சனத்தின் வாயைத்தான் மூடினாள். சத்தம் கேட்டால் மான் ஓட நினைக்கும், ஓட நினைத்தால் உடம்பு கொதிக்கும், கொதித்த உடம்பில் மருந்து சரியாக வேலை செய்யாது என்றாள். ஊதுகுழாயால் தொடையில் ஊசியை ஏற்றிவிட்டு சனத்தைவிடத் தூரமாகப் போய் நின்றாள். மான் தள்ளாடிப் படுத்தபிறகு, பக்கவாட்டில் சரிய விடாமல் காலை மடித்து நெஞ்சில் இருத்தி, கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டி, காதில் பஞ்சு வைத்து, பிடரி உயர மூக்குத் தாழப் பிடிக்கச் சொல்லி, நாக்கில் ஒரு கவ்வியை மாட்டி மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டே வலையை வெட்டினாள். வேலை முடிந்து, முதல் மருந்து தணியக் காத்திருந்து, எழுப்பும் மருந்தைப் போட்டாள். படுத்த நேரத்தையும் போட்ட நேரத்தையும் கையுறையில் ஒட்டிய நாடாவில் எழுதுவது அவள் பழக்கம். பத்து இருபது, பதினொன்று முப்பத்தைந்து. தாதி தன் தாளைக் காட்ட, சாம்பவி தன் கையுறையைக் காட்ட, யாரும் அதிசயப்படவில்லை. என்ன சாப்பாடு வைத்தாய் என்று மட்டும் எல்லாரும் என்னைக் கேட்டார்கள்.

அடுத்த நாளே எங்கள் சனத்தின் பின்கதவுகளில் எல்லாம் ஒரு பிடி சோறு இருந்தது. வெள்ளைக்காரர்கள் வாஃபிளும் உருளைக்கிழங்கும் வைத்துப் பார்த்தார்கள், மான் தின்றது, ஆனால் அது மறுபடி மயங்கியபோது ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை. கரண்டியால் கிளறிய சோற்றுக்கும் பலிக்கவில்லை. கையால் பிசைந்திருக்க வேண்டும், அன்றைக்குப் பிசைந்தது அன்றைக்குத்தான் செல்லும் என்று மூன்றாம் தரம் தெரிந்தபோது, பாதிரியாரும் பாடசாலை அதிபரும் என் குசினியில் வந்து நின்று, சட்டைக் கையை மடித்து, விரலிடுக்கால் பருப்பு வழிய வழியப் பிசையப் பழகினார்கள். பாதிரியார் நான்கு வாரமாகக் கண்மூடாதவர். பிரசங்க மேடையிலேயே சரிந்து, ஒரு மணித்தியாலம் அழகாகக் குறட்டை விட்டார், சபையார் அவர் எழும்பும்வரை பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். தமிழ்ச் சங்கம் யார் யார் என்றைக்குச் சோறு வைப்பது என்று ஒரு பட்டியல் போட்டது. பட்டியல் போட்டால் சண்டை வராமல் இருக்குமா, அதுவும் வந்தது.

இப்போது ஒரு வெட்கத்தைச் சொல்லவேண்டும். மான் தானாகவா அடிக்கடி வலையில் மாட்டும்? சரிவில் வலை கிடந்தது, மறுநாள் பார்த்தால் இன்னுமொரு வலை கிடந்தது, யார் போட்டது என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாவது வலையைப் போட்டது நான்தான். முப்பது வருடமாக நித்திரையைத் தேடி அலைந்தவளுக்கு ஒன்றேகால் மணித்தியாலம் ருசி காட்டினால் வேறென்ன செய்வாள்?

ஐந்தாம் தரம் மயக்கியபிறகு சாம்பவி சங்கக் கட்டடத்துக்கு வந்தாள். அவளோடு மானின் சொந்தக்காரி மாரெத்தும் வந்தாள். வடக்கில் பனிமான் மேய்க்கும் 'சாமி' என்கிற பழங்குடிப் பெண், ஐம்பது வயதிருக்கும், நாற்காலி கொடுத்தும் இருக்காமல் வாசலில் நின்றாள். சாம்பவி ஆத்திரப்படாமல்தான் கதைத்தாள். மயக்குகிற மிருகத்துக்கு வயிறு வெறுமையாக இருக்கவேண்டும், நாங்கள் வைக்கிற சோறு மானின் முதல் வயிற்றில் புளித்துக் காற்றாகும், மயங்கிக் கிடக்கும்போது அந்தக் காற்றை ஏப்பமாக விட அதனால் முடியாது என்றாள். எழுப்பும் மருந்து நித்திரை மருந்தைத் துரத்திவிடுகிறது என்று நினைக்காதேங்கோ, அது வாசலை மறித்துக்கொண்டுதான் நிற்கும், அது களைத்துப் போகிற நேரம் நித்திரை மருந்து இன்னும் வெளியில் நின்றால் திரும்ப உள்ளே வரும் என்றாள். அப்படி வருகிற இரண்டாம் நித்திரையில் மிருகம் போய்விடலாம். மிருகம் போனால் அதன் சோற்றுக்காரருக்கு என்ன ஆகும் என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னாள். மாரெத் ஒரேயொரு வசனம் சொன்னாள். இலையுதிர் காலத்தில் இவன் கடலில் இறங்கினால்தான் மற்றவை பின்னால் இறங்கி நீந்தும், இவன் இல்லாவிட்டால் என் மந்தை இந்தத் தீவிலேயே பனியில் கிடந்து சாகும். நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். சரிவில் கிடந்த வலைகளை அன்றே பொறுக்கினோம், அதில் எனக்கு முதலிடம்.

தலையாட்டாமல் இருந்தவர் தவநேசன் மட்டும்தான். குளிர் அறையில் பெட்டி அடுக்குகிறவர், ஐம்பத்தேழு வயது, நெடுவல், அதிகம் கதைக்காதவர். எங்களில் யாருக்கு நித்திரை வராவிட்டாலும் அவருக்கு வராததுபோல் ஆகாது. பத்தொன்பது வயதில், ஆமி ஊரைச் சுற்றி வளைத்த ஒரு விடியற்காலையில், பின்வேலியால் ஓடித் தப்பியவர் அவர். பக்கத்துப் பாயில் பதின்மூன்று வயதுத் தம்பி கேதீஸ் படுத்திருந்தான். எழுப்பினால் பயத்தில் கத்திவிடுவான், பள்ளிக்கூடப் பெடியனை ஒன்றும் செய்யமாட்டார்கள், கிடக்கட்டும் என்று நினைத்து, தாண்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது பாய் இருந்தது. கேதீஸ் எங்கே என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை. அவர் தகப்பனுக்கு விரதம் பிடிப்பார், காகத்துக்கும் வைப்பார், தம்பிக்கு மட்டும் ஒரு பருக்கை வைத்ததில்லை. வைத்தால் செத்துப்போனான் என்று ஆகிவிடும்.

பட்டியலில் அவருடைய முறை ஒரே தரம் வந்தது. அந்த ஒரு மணித்தியாலத்தில் அவர் தன் பழைய வீட்டின் படலையைத் திறந்து முற்றம்வரை போனாராம். கனவில்லை, காலில் மண் சுட்டது என்றார். வீட்டுக்குள் போகுமுன் மான் எழும்பிவிட்டது. கூட்டம் முடிந்தபிறகு அவர் சாம்பவியை வெளியில் மறித்துக் கதைத்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"பிள்ளை, இன்னும் ஒரேயொருக்கா. ஆனா அந்த மற்ற ஊசியைப் போடாதை. என்னை எழுப்பாதை."

"மாமா, நித்திரையாக்கிறது லேசு. எழுப்பிறதுதான் என்ர வேலை," என்றாள் சாம்பவி. இப்போது அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். அந்தத் தலையாட்டலை நம்பியது எங்கள் பிழை.

ஆடி அமாவாசை வந்தது. தகப்பனில்லாத வீடுகளில் எல்லாம் சமையல், ஆனால் சோற்றை மானுக்கு எட்டாமல் கூரையில் வைத்தோம். தவநேசன் ஒரு பானை நிறையச் சோறு ஆக்கி, பானையோடு பிசைந்து, கருவாட்டுப் பரணுக்குப் பின்னால் கொண்டுபோய் மானுக்கு வைத்தார். மான் பானையை வழித்துத் தின்றுவிட்டுத் திரும்ப, பரணில் அவர் கட்டித் தொங்கவிட்ட வலை கொம்பில் விழுந்தது. சாம்பவி வந்து சேர்ந்தபோது கயிறு கழுத்தில் இறுகி மானின் கண் பிதுங்கியிருந்தது. அன்றைக்கு இந்தத் தீவுக்கே புதினமான வெயில். எத்தனை மணிக்குத் தின்றது, என்ன தின்றது என்று அவள் கேட்டாள். ஒன்றும் தின்னவில்லை என்று தவநேசன் சொன்னார். வேறு வழியில்லாமல் ஊசியை ஏற்றினாள். மான் படுத்தது, அதன் பக்கத்தில் ஏற்கெனவே சாக்கு விரித்து வைத்திருந்த தவநேசனும் படுத்தார். சாக்கைக் கண்டபிறகுதான் பரணுக்குப் பின்னால் போய்ப் பார்த்து, பானையை நான் கண்டுபிடித்தேன்.

சாம்பவி என்னைத் திட்டவில்லை, அவரையும் திட்டவில்லை. மானின் இடப்பக்க வயிற்றைத் தட்டிப் பார்த்தாள், அது மேளம்போல விறைத்து நின்றது. அவசரமாக வலையை வெட்டி, தண்ணீர் ஊற்றி உடம்பைக் குளிர்த்தி, காத்திருக்கவேண்டிய நேரத்தையும் காத்திருக்காமல் எழுப்பும் மருந்தைப் போட்டாள். மான் எழும்பி இருபது அடி நடந்தது. தவநேசனும் எழும்பிக் காலை நீட்டிக்கொண்டு இருந்து, வீட்டு விறாந்தைவரை போய்விட்டேன், உள்ளே விளக்கு எரியுது என்று சொல்லி அழுதார். நான் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். கொடுக்கும்போது எனக்குக் கோபமும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

இரண்டு மணித்தியாலம் கழித்து இரண்டாம் நித்திரை வந்தது. மானின் முன்னங்கால் மடங்கிய அதே கணத்தில் தவநேசனின் கையிலிருந்த கோப்பை விழுந்தது. சாம்பவி கூப்பிட்ட குரலுக்கு வெட்டுகிற பட்டியை நிற்பாட்டிவிட்டு தொழிற்சாலையே ஓடிவந்தது. மான் சரிந்தால் முடிந்தது என்றாள். நானும் மேற்பார்வையாளரும் பாதிரியாரும் அதிபரும் சங்கத் தலைவரும், அவரோடு பட்டியலுக்காகச் சண்டை பிடித்த செயலாளரும், மானின் இரண்டு பக்கமும் முதுகு கொடுத்துத் தாங்கிக்கொண்டு குந்தியிருந்தோம். மாரெத்தும் ஓடிவந்து அதன் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். சாம்பவி வாய்க்குள்ளால் குழாயை இறக்க, புளித்த சோற்று மணம் காற்றாக வெளியே வந்தது, என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. காற்று கொஞ்சம் இறங்கியும் மூச்சு நீண்டு நீண்டு இடைவெளி விட்டது, நாக்கு நீலமானது. சாம்பவி மிச்சமிருந்த எழுப்பும் மருந்தை ஊசியில் ஏற்றித் தொடையில் வைத்தாள்.

அப்போது தவநேசன் கண் திறக்காமல் கதைத்தார். சோற்று நித்திரையில் கிடந்த எவரும் அதுவரை ஒரு சொல் சொன்னதில்லை.

"ஒரு நிமிசம் பிள்ளை. பாயடியில நிக்கிறன். அவனை எழுப்பிப்போட்டு வாறன்."

சாம்பவியின் கை நின்றது. அந்தக் கதை எங்கள் எல்லாருக்கும் தெரியும், அவளும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். ஒரு நிமிடம் பொறு பிள்ளை என்று சொல்ல எனக்கு வாய் வந்தது, மடியில் தலை வைத்துக் கிடக்கிற மிருகத்தைப் பார்க்க வாய் அடைத்தது. மாரெத் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். சாம்பவி ஊசியை எடுக்காமலே, நோர்வேஜிய மொழியில், எண்ணி ஏழெட்டுச் சொல்லில் அதைச் சொன்னாள். மாரெத் தன் மானின் நெற்றி வெள்ளையில் உள்ளங்கையை வைத்தாள்.

"பத்து மூச்சு," என்றாள். "என்னால் தரக்கூடியது அவ்வளவுதான்."

நாங்கள் எண்ணினோம். தமிழர் தமிழில், வெள்ளைக்காரர் தங்கள் மொழியில், சத்தம் வராமல் உதட்டால், எங்கள் முதுகை மானின் விலா தள்ளுகிற ஒவ்வொரு தரமும் ஒன்று. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் கடல் ஒருமுறை வந்து திரும்பிப் போனது. ஏழாம் மூச்சு வராமல் போய்விட்டதென்று நினைத்தேன், பிறகு வந்தது. தவநேசனின் வலது கை தரையில் இல்லாத ஒரு தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. பத்தாம் மூச்சு என் முதுகில் பட்டபோது சாம்பவி மருந்தைத் தள்ளினாள்.

எவ்வளவு நேரம் ஆனதென்று அவளுடைய நாடாவில்தான் இருக்கும். முதலில் மானின் காது ஆடியது. பிறகு பெரிய ஏப்பம் ஒன்று விட்டு, எங்களைத் தள்ளி விழுத்திக்கொண்டு நாலு காலில் எழும்பி நின்றது. தவநேசன் கண்ணைத் திறந்து, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"எழுப்பிப்போட்டன்," என்றார். "வேலிக்குள்ளால ஓடிட்டான்."

மூன்றாம் நித்திரை வந்துவிடக் கூடாதென்று அன்றைய பகலும், பகலாகவே இருந்த அன்றைய இரவும், மானையும் அவரையும் இருக்க விடாமல் துறைமுக வீதியில் மேலும் கீழும் நடத்தினோம். ஆள் மாறி ஆள் நடந்தோம், மாரெத் மட்டும் மாறவில்லை. தவநேசன் அவளுக்கு அரைகுறை மொழியில் மன்னிப்புக் கேட்டார். அவள் தலையை ஆட்டிவிட்டு, சோறு இனி வேண்டாம் என்று சொன்னாள். அதற்குப்பிறகு அந்த மான் எங்கள் பின்கதவுகளுக்கு வரவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை. செப்டம்பரில் அது கடலில் இறங்க, பின்னால் மந்தை முழுக்க இறங்கி, தண்ணீருக்கு மேல் கொம்புகள் மட்டும் தெரிய நீந்தி அக்கரை சேர்ந்ததைக் கரையில் நின்று பார்த்தோம்.

கேதீஸ் வரவில்லை. அவனிடமிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. அப்படி வரும் என்று நம்புகிற விசரர் இல்லை நாங்கள், ஆனாலும் அந்த மாதங்களில் தொழிற்சாலையில் எந்தத் தொலைபேசி அடித்தாலும் முப்பது குடும்பமும் திரும்பிப் பார்த்தது. தவநேசன் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் சாப்பாட்டு அறையில் எங்களிடம் ஒரேயொரு விசயம்தான் கேட்டார். தான் எங்கேயாவது தற்செயலாக நித்திரையாகிப் போனால், பாவம் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போகவேண்டாம், கட்டாயம் எழுப்புங்கோ என்றார், ஓம் என்றோம்.

நவம்பர் கடைசியில், சூரியன் போய்த் திரும்பி வராத கிழமையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு மானும் எங்கும் மயங்கிக் கிடக்காத நேரத்தில், அவர் சாப்பாட்டு அறை வாங்கிலில் சுவரோடு சாய்ந்து நித்திரை கொண்டார். வாய் திறந்து, சப்பாத்துக் கழன்று, முப்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகு தன் சொந்த நித்திரை. வேலை மணி அடித்தது. ஒருவரும் எழும்பவில்லை. மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டு, ஒரு பத்து நிமிடம் கிடக்கட்டுமே என்று மெல்லச் சொன்னார், நல்ல மனிசன். எனக்கும் அதுதான் ஆசை. இவ்வளவு பெரிய தாகத்துக்குப் பிறகு குடிக்கிற மனிதனின் வாயிலிருந்து கோப்பையைப் பறிக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் நாங்கள் சொன்ன சொல் இருந்தது. நான் கிட்டப் போய்க் குனிந்து, அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அண்ணை, எழும்புங்கோ. நாங்கள் போறம்."

அவர் கண்ணைத் திறந்தார். கொஞ்சநேரம் எங்கே என்று தெரியாமல் விழித்துவிட்டு, என்னையும், எனக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பியோடு நின்ற எல்லாரையும் பார்த்தார்.

"எல்லாரும் இருக்கிறியளோ?"

ஓம், இருக்கிறம் என்றோம். அவர் சப்பாத்தைப் போடும்வரை நின்று, அவரையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனோம்.